தலைகீழாய்த் தொங்கும் ஊமத்தை: பேரினம் என்றால் என்ன, அதை யார் முடிவு செய்கிறார்கள்?

பூத்து நிற்கிற புருக்மான்சியா என்ற தென் அமெரிக்கச் செடியை முதல் தடவை பார்க்கும் தமிழர் எவரும், "அட, ஊமத்தை மரமாகிவிட்டதா?" என்றுதான் கேட்பார். நானும் அப்படித்தான் கேட்டேன். அதே புனல் வடிவப் பூ, அதே அகன்ற இலை, கசக்கினால் முகம் சுளிக்க வைக்கும் அதே நெடி. கண்ணில் படும் வித்தியாசம் இரண்டுதான். ஊமத்தைப் பூ வானத்தைப் பார்க்கும். இது மண்ணைப் பார்த்துத் தொங்கும். ஊமத்தை இடுப்பளவுச் செடி. இது ஆள் உயரத்தைத் தாண்டிப் போகும் புதர், சில வகைகளில் சிறு மரம். பூவின் நீளமோ ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவில் தொடங்கி ஒரு முழம்வரை போகிறது.

ஊமத்தை என்று நினைத்ததில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தாவரங்களுக்கு இரட்டைச் சொல் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டிய கார்ல் லின்னேயஸே 1753-இல் இதைத்தான் செய்தார். தென் அமெரிக்காவுக்குப் போய்வந்த பிரெஞ்சுப் பயணி லூயி ஃபெயே வெளியிட்டிருந்த படத்தையும் விவரத்தையும் வைத்துக்கொண்டு, இதற்கு 'டாட்டுரா ஆர்போரியா' என்று பெயர் வைத்தார். டாட்டுரா என்றால் ஊமத்தை. ஆர்போரியா என்றால் மரம் போன்றது. மர ஊமத்தை! நாம் வாய் பிளந்து சொன்னதை அவர் இலத்தீனில் சொன்னார், அவ்வளவுதான்.

இன்று எந்தத் தாவரவியல் நூலைப் புரட்டினாலும் இது ஊமத்தையின் பேரினத்தில் இல்லை. புருக்மான்சியா என்று தனியாக ஒரு பேரினமாக நிற்கிறது. நடுவில் ஒருமுறை பிரித்தார்கள், மறுபடி சேர்த்தார்கள், மறுபடியும் பிரித்தார்கள். செடி அப்படியேதான் இருந்தது. மாறியது எது? அதைப் புரிந்துகொண்டால் பேரினம் என்ற சொல்லின் பொருளும் தானே புரிந்துவிடும்.

தலைப்பெழுத்தும் பெயரும்

அறிவியல் பெயர் எப்போதும் இரண்டு சொல். முதல் சொல் பேரினம், இரண்டாவது சிற்றினத்தைக் குறிப்பது. நம் பெயர்களின் தலைப்பெழுத்தை நினைத்துக்கொண்டால் போதும். மு. இளங்கோ, மு. கயல்விழி என்று இரண்டு பேர் இருந்தால், ஒரே அப்பாவின் பிள்ளைகளாக இருக்கலாம் என்று ஊகிக்கிறோம் இல்லையா? தாவரவியலாளர்களும் ஒரு கட்டுரையில் பேரினப் பெயரை ஒருமுறை முழுதாக எழுதிவிட்டு, அப்புறம் 'பு. ஆரியா', 'பு. வெர்சிகலர்' என்று தலைப்பெழுத்தாகச் சுருக்கிவிடுவார்கள். ஒரே தலைப்பெழுத்துக்காரர்கள் ஒரு மூதாதையிலிருந்து வந்தவர்கள் என்பது அதன் உட்பொருள்.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. சிற்றினம் என்பதற்கு இயற்கையிலேயே ஓரளவு அடையாளம் உண்டு. ஒரு கூட்டத்தைச் சேர்ந்த செடிகள் தங்களுக்குள் மகரந்தம் மாற்றி வளமான விதை உண்டாக்கும், வெளியாரோடு பெரும்பாலும் உண்டாக்காது. ஓட்டையுள்ள அளவுகோல்தான் (இந்தக் கட்டுரையிலேயே அந்த ஓட்டை வரும்), ஆனாலும் ஓர் அளவுகோல். பேரினத்துக்கு அப்படி எதுவும் கிடையாது. மூதாதை மரத்தில் எந்தக் கவையில் கத்தியை வைத்து, "இதற்கு மேலே உள்ளதெல்லாம் ஒரு பேரினம்" என்று வெட்டுவது? இயற்கை அங்கே கோடு எதையும் போட்டு வைக்கவில்லை.

ஒரே ஒரு விதியை மட்டும் இன்று கிட்டத்தட்ட எல்லோரும் ஏற்கிறார்கள்: ஒரு பேரினத்துக்குள் ஒரு மூதாதையின் வாரிசுகள் அத்தனையும் இருக்க வேண்டும், வேறு மூதாதையின் வாரிசு யாரும் நுழைந்திருக்கக் கூடாது. பங்காளி ஒருவரை விட்டுவிட்டுச் சொத்துப் பிரிக்கக் கூடாது, சம்பந்தமில்லாதவரையும் சேர்த்துக்கொள்ளக் கூடாது என்பது போல.

இந்த விதி எவ்வளவு வேலை செய்யும் என்பதற்குத் தக்காளி நல்ல உதாரணம். கத்தரிக் குடும்பத்தில் சொலானம் என்று ஒரு மிகப் பெரிய பேரினம் உண்டு. கத்தரி, சுண்டை, மணத்தக்காளி, உருளைக்கிழங்கு எல்லாம் அதற்குள் அடக்கம். தக்காளியை மட்டும் லைக்கோபெர்சிகான் என்று நெடுங்காலம் தனியாக வைத்திருந்தார்கள். 1990-களில் மரபணுவைப் பார்த்தபோது, தக்காளிக்கு மிக நெருங்கிய உறவு உருளைக்கிழங்கு என்று தெரிந்தது. உருளை சொலானத்துக்குள் இருக்க, அதன் உடன்பிறப்பு மட்டும் வெளியே நிற்க முடியாது. தக்காளி உள்ளே வந்தது. இன்று அதன் பெயர் சொலானம் லைக்கோபெர்சிகம். புருக்மான்சியாவும் அதே கத்தரிக் குடும்பம்தான். தக்காளியைச் சேர்த்த அதே விதி, இதை ஊமத்தையோடு சேர்க்கவும் சொல்லவில்லை, பிரிக்கவும் சொல்லவில்லை. அதனால்தான் இந்தக் கதை சுவையானது.

பிரித்ததும் சேர்த்ததும்

1805-இல் கிறிஸ்டியான் பெர்சூன் என்பவர் முதலில் பிரித்தார். காளான் ஆய்வில்தான் இவருக்குப் பெரிய பெயர். போகிற போக்கில் மர ஊமத்தைக்கும் ஒரு தனிப் பேரினம் கொடுத்தார். நெதர்லாந்தின் லைடன் நகரில் பேராசிரியராக இருந்த செபால்ட் யூஸ்டினஸ் புருக்மான்ஸின் நினைவாக புருக்மான்சியா என்று பெயர். தாவரவியலில் இப்படிப்பட்ட பெயர்சூட்டல்கள் சகஜம். சூட்டப்பட்டவருக்கும் செடிக்கும் சம்பந்தம் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

ஆனால் பலரும் ஒப்பவில்லை. 1921-இல் வில்லியம் சாஃபர்ட் என்ற தாவரவியலாளர் இதை மறுபடி டாட்டுராவுக்குள் ஒரு பிரிவாக வைத்தார். 1959-இல் பார்க்ளே என்ற இன்னொரு தாவரவியலாளரும் அதையே பின்பற்றினார். 'மர டாட்டுராக்கள்' என்ற சொல் ஆய்வுக் கட்டுரைகளில் நிலைத்துவிட்டது. 1973-இல் ஹார்வர்டில் ஆய்வு செய்துகொண்டிருந்த டாம் லாக்வுட், இது தனிப் பேரினமாகத்தான் இருக்க வேண்டும் என்று வாதிட்டு எழுதினார். அது நிலைத்தது. புதுப் பெயர் தேடும் வேலை அவருக்கு இல்லை. பிரிப்பதென்று முடிவானால், முன்பு முறைப்படி வெளியான பெயருக்கே முன்னுரிமை என்பது பெயரிடல் விதி. பெர்சூன் வைத்த பெயர் 168 ஆண்டுகளாகக் காத்துக்கொண்டிருந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெயரை எப்படி வைப்பது என்பதற்குச் சர்வதேச விதித்தொகுப்பு உண்டு. எதை எதோடு சேர்ப்பது என்பதற்கு விதியும் கிடையாது, தீர்ப்பு சொல்லும் நீதிமன்றமும் கிடையாது. ஒருவர் ஆதாரத்தோடு வாதிடுகிறார். மற்றவர்கள் அதைப் படித்துவிட்டுத் தங்கள் நூல்களில் அப்படியே எழுதத் தொடங்கினால் அது நிலைத்துவிட்டது என்று பொருள்.

சரி, பிரிக்கச் சொல்லும் ஆதாரங்கள் என்ன?

பூ தொங்குகிறது என்பதும், செடி மரத்தன்மை உள்ளது, பல ஆண்டு வாழ்வது என்பதும் முதலில் கண்ணில் படுபவை. ஊமத்தை வகைகளில் பலவும் ஓராண்டில் முடிந்துவிடும். ஊமத்தைப் பூ பெரும்பாலும் ஓர் இரவோடு சரி. புருக்மான்சியாவின் பூ சில நாள் நிற்கும். இவையெல்லாம் நல்ல அடையாளங்கள். ஆனால் என்னைக் கேட்டால், வழக்கை வெல்வது பூ இல்லை, காய்தான்.

ஊமத்தங்காயை நினைத்துப் பாருங்கள். உருண்டை, மேலெல்லாம் முள், அடியில் பாவாடை கட்டியது போல ஒரு வளையம். அந்த வளையம் பூவின் புல்லி வட்டம். பூ உதிரும்போது அது வட்டமாக அறுந்து, அடிப்பகுதி மட்டும் காயோடு தங்கிவிடுகிறது. காய் முற்றினால் வெடித்து விதை கொட்டும். டாட்டுராவில் ஓரிரு விதிவிலக்குகள் உண்டு, ஆனால் பொதுப்போக்கு இது. புருக்மான்சியாவின் காயில் முள் இல்லை. அந்தப் பாவாடையும் இல்லை. முக்கியமாக, அது வெடிப்பதே இல்லை. மாதக்கணக்கில் கிளையிலேயே தொங்கும், பிறகு விழும், தோல் மக்கினால்தான் விதை வெளியே வரும். விதைகளும் ஊமத்தை விதையைவிடப் பலமடங்கு பெரியவை; சில சிற்றினங்களில் தக்கை போன்ற தடித்த உறையோடு இருக்கும்.

காய்க்கு ஏன் இவ்வளவு மதிப்பு? பூவின் நிறமும் மணமும் அதைத் தேடிவரும் பூச்சி, பறவைக்கு ஏற்பச் சீக்கிரம் மாறக்கூடியவை. புருக்மான்சியாவுக்குள்ளேயே இதைப் பார்க்கலாம். பெரும்பாலான சிற்றினங்களின் பூக்கள் வெள்ளை அல்லது வெளிர் நிறம். அந்தி சாய்ந்ததும் கமகமக்கும். பருந்து அந்துப்பூச்சிகள் தேடிவரும். பு. சாங்குவினியாவோ முற்றிலும் வேறு மாதிரி. குழல் சிவப்பும் மஞ்சளுமாக, மணம் துளியும் இல்லாமல் பகலில் தேன் வைத்துக் காத்திருக்கும். அதற்கு வரும் விருந்தாளி ஆண்டிஸ் மலையின் வாள்மூக்கு ரீங்காரச்சிட்டு (ஹம்மிங்பேர்ட்). வாலை விட்டுவிட்டு அளந்தால் உடம்பைவிட அலகு நீளமாக இருக்கும் பறவை அது. உட்காரும்போது அந்த அலகை மேலே தூக்கிவைத்துக்கொண்டுதான் உட்காரும், இல்லாவிட்டால் முன்பக்கம் சாய்ந்துவிடும் போலிருக்கும். பூவை மட்டும் வைத்துப் பேரினம் பிரித்தால் சாங்குவினியாவைத் தன் சொந்தங்களிடமிருந்தே பிரித்துவிடுவோம். வெடிக்கும் காயா, வெடிக்காத காயா என்பது அவ்வளவு எளிதில் மாறுவதில்லை. அது செடியின் மொத்த வாழ்க்கை முறையோடு பின்னிக்கிடக்கிறது.

குரோமோசோமைப் பார்த்துச் சொல்லலாமே என்றால், அது இங்கே கைகொடுக்கவில்லை. ஊமத்தைக்கும் 12 ஜோடி, இதற்கும் 12 ஜோடி.

ஒரு மேதை தவறிய இடம்

கொலம்பியாவின் தென்பகுதியில், ஆண்டிஸ் மலையில் ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில் சிபுண்டோய் என்ற பள்ளத்தாக்கு இருக்கிறது. காம்சா, இங்கா மக்கள் வாழும் இடம். அவர்களுடைய மருத்துவர்கள் தலைமுறை தலைமுறையாக இந்தச் செடியை வீட்டோரம் வளர்த்து மருந்துக்கும் சடங்குக்கும் பயன்படுத்தி வருகிறார்கள். கொலம்பியாவில் இதன் பொதுப்பெயர் பொர்ராச்செரோ. போதை தருவது என்று பொருள். விஞ்ஞானிகள் ஏழு சிற்றினங்களோடு அல்லாடிக்கொண்டிருக்க, அவர்களோ இலை வடிவத்தை வைத்தே ஒவ்வொரு வகைக்கும் தனிப் பெயர் சொல்வார்கள். எந்த வகை எவ்வளவு வீரியம் என்றும் சொல்வார்கள்.

அங்கே வந்தவர் ரிச்சர்ட் எவன்ஸ் ஷுல்டிஸ். அமேசான் காட்டில் ஆண்டுக்கணக்கில் அலைந்தவர், மனிதருக்கும் தாவரத்துக்கும் உள்ள உறவை ஆராயும் துறையின் பெரும்புள்ளி. அவர் கண்ணில் ஒரு வினோதச் செடி பட்டது. இலை பட்டைநாடா போல ஒடுங்கி நீண்டிருந்தது. பூவின் புனல் முழுதாக ஒட்டாமல் கீற்றுக் கீற்றாகக் கிழிந்திருந்தது. கத்தரிக் குடும்பம் என்பதில் ஐயமில்லை, ஆனால் தெரிந்த எந்தப் பேரினத்திலும் அடங்கவில்லை. 1955-இல் மெதிஸ்டிகோடெண்ட்ரான் அமேசியானம் என்று பெயரிட்டு, புதிய பேரினமாகவே வெளியிட்டார். போதை தரும் மரம் என்பது அந்த நீண்ட சொல்லின் பொருள்.

அது புதிய பேரினம் இல்லை. புருக்மான்சியாவிலேயே உருவம் திரிந்த ஒரு வளர்ப்பு வகை. உள்ளூர் மக்கள் அதைக் 'குலேப்ரா' என்பார்கள். பாம்பு என்று அர்த்தம். எப்போதோ ஒரு செடியில் தற்செயலாகத் திரிபு தோன்றியிருக்கிறது. யாரோ அதைக் கவனித்து, ஒரு குச்சியை ஒடித்து ஊன்றியிருக்கிறார். அதிலிருந்து இன்னொரு குச்சி. விதையில்லாமல் போத்து நட்டே பெருக்கியதால் அந்தத் திரிபு கலையாமல் அப்படியே நின்றுவிட்டது. காட்டில் இப்படியொரு செடி தோன்றியிருந்தால் கிழிந்த பூவோடு எத்தனை தலைமுறை தாக்குப்பிடித்திருக்கும் என்பது சந்தேகம்தான்.

இந்தக் கதையை நான் ஷுல்டிஸைக் குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. பேரினம் என்பது ஒரு கருதுகோள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. அவர் கையில் இருந்த ஆதாரப்படி அந்த முடிவு அபத்தமானதல்ல. கூடுதல் ஆதாரம் வந்தது, கருதுகோள் விழுந்தது. பெயர் இன்று பழைய பெயர்ப் பட்டியலில் மட்டும் இருக்கிறது.

ஹெர்பேரியத்தை நம்பியிருப்பதன் ஆபத்தும் இதில் அடக்கம். ஹெர்பேரியம் என்றால் செடிகளை அழுத்தி உலர்த்தித் தாளில் ஒட்டிவைக்கும் காப்பகம். வகைப்பாட்டு ஆய்வின் அடித்தளமே அதுதான். ஆனால் ஒரு முழப் பூவைத் தாளில் அழுத்தினால் என்ன மிஞ்சும்? பழுப்பேறிய ஒரு சருகு. பூ எந்தப் பக்கம் பார்த்தது, நிறம் என்ன, மணம் இருந்ததா, எதுவும் அதில் தெரியாது. சேகரித்தவர் குறிப்பில் எழுதியிருந்தால் உண்டு. பு. வெர்சிகலர் பூ வெள்ளையாக விரிந்து, பிறகு மெல்ல பீச் பழ நிறத்துக்கு மாறும். இரண்டு நாள் இடைவெளியில் இரண்டு பேர் சேகரித்தால் இரண்டு நிறம் எழுதுவார்கள். பெயர்க் குழப்பத்துக்குக் கேட்கவா வேண்டும்? லின்னேயஸ் வைத்த ஆர்போரியா என்ற பெயரே தோட்டக்காரர்களிடம் நெடுங்காலம் தவறான செடிகளின் மேல் ஒட்டிக்கொண்டிருந்தது.

மரபணு சொன்னதும் சொல்லாததும்

2018-இல் ஜூலியா டூபின், ஸ்டேசி ஸ்மித் என்ற இரு ஆய்வாளர்கள் இந்தக் கூட்டத்தின் மரபணு வரிசைகளை ஒப்பிட்டு ஒரு மூதாதை மரம் வரைந்து வெளியிட்டார்கள். டாட்டுரா சிற்றினங்கள் அத்தனையும் ஒரு கிளையில் சேர்ந்தன. புருக்மான்சியா சிற்றினங்கள் அத்தனையும் இன்னொரு கிளையில். இரண்டும் ஒன்றுக்கொன்று உடன்பிறப்புகள். லாக்வுட் காயையும் விதையையும் பார்த்துச் சொன்ன பிரிவினை மரபணுவிலும் அப்படியே தெரிந்தது.

கூடவே ஓர் எதிர்பாராத விருந்தாளியும் வந்தது. பொலிவியாவின் வறண்ட மலைப்பகுதியில் வளரும் ஒரு புதரை அதுவரை அயோக்ரோமா என்ற வேறொரு பேரினத்தில் வைத்திருந்தார்கள். அது உண்மையில் இந்த இரண்டுக்கும் பங்காளி என்று மரபணு காட்டியது. அதற்கு ட்ரோம்பெட்டியா என்று புதுப் பேரினமே உண்டாக்கினார்கள். சின்ன ஊதுகொம்பு என்று பொருள். புருக்மான்சியாவை ஆங்கிலத்தில் ஏஞ்சல்ஸ் டிரம்பெட், அதாவது தேவதையின் ஊதுகொம்பு என்பார்கள் என்பது நினைவிருந்தால் பெயரின் குறும்பு புரியும்.

இப்போது ஆரம்பத்தில் சொன்ன விதியை எடுத்து வைத்துப் பாருங்கள். புருக்மான்சியாவைத் தனியாக வைத்தால் விதி மீறப்படவில்லை. சரி, ஊமத்தையோடு சேர்த்து எல்லாவற்றையும் டாட்டுரா என்று ஒரே பேரினமாக்கினால்? அப்போதும் விதி மீறப்படவில்லை! உடன்பிறப்புக் கிளைகள் இரண்டையும் சேர்த்தால் ஒரு மூதாதையின் முழு வாரிசுக் கூட்டம்தான் கிடைக்கும். ஆக, லின்னேயஸும் தப்பில்லை, பெர்சூனும் தப்பில்லை. தக்காளி விஷயத்தில் மரபணு கையைப் பிடித்து ஒரு பக்கம் இழுத்தது. இங்கே அது, "இரண்டு வழியும் திறந்திருக்கிறது, நீங்களே முடிவு செய்யுங்கள்" என்று விலகிவிட்டது. பிறகு முடிவு செய்வது பயன்பாடு. பார்த்தவுடன் பிரித்தறிய முடிகிறதா? முடிகிறது. தனிப் பெயர் வைத்தால் அந்தப் பெயர் எதையாவது நமக்குச் சொல்கிறதா? நிறையச் சொல்கிறது: மரம், தொங்கும் பூ, வெடிக்காத காய், தென் அமெரிக்கா. அதனால் பிரித்தே வைத்திருக்கிறார்கள். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

டாட்டுரா என்ற பெயரைப் பற்றி ஒரு சின்ன இடைச்செருகல். அந்தச் சொல் வடமொழித் 'தத்தூர'விலிருந்து போனது. ஆனால் ஊமத்தையின் நெருங்கிய உறவுக்காரர்கள் எல்லோரும் இருப்பது அமெரிக்கக் கண்டத்தில். கொலம்பஸ் கப்பல் ஏறுவதற்கு எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே தேவாரத்தில் சிவன் மத்தம் சூடி நிற்கிறார். மத்தம் என்பது ஊமத்தம்பூ. அமெரிக்கச் செடி அத்தனை சீக்கிரம் இங்கே எப்படி வந்தது என்பது தாவரவியலாளர்கள் இன்னும் சண்டை போடும் தனிக் கதை.

ஐந்தா, ஏழா?

பேரினம் ஒருவழியாகத் தீர்ந்தது. உள்ளே எத்தனை சிற்றினம்? இன்று பொதுவாக ஏழு என்கிறார்கள்: ஆர்போரியா, ஆரியா, இன்சிக்னிஸ், சாங்குவினியா, சுவாவியோலன்ஸ், வெர்சிகலர், வல்கானிகோலா. கடைசியில் உள்ளது எரிமலைவாசி என்று பொருள்படும். கொலம்பியாவின் புராசே எரிமலைப் பகுதியிலிருந்து வந்த பெயர். அது சாங்குவினியாவின் துணைச் சிற்றினம் மட்டுமே என்று எண்ணியவர்கள் உண்டு. இன்சிக்னிஸ் சிற்றினமே இல்லை, கலப்பினம் என்று எழுதியவர்களும் உண்டு. அந்த இரண்டையும் கழித்தால் ஐந்து.

முன்பு சொன்ன ஓட்டை இங்கேதான் வருகிறது. ஆரியாவையும் வெர்சிகலரையும் கலந்தால் வளமான கலப்பினம் பிறக்கிறது. தோட்டங்களில் மிகப் பரவலாக இருக்கும் 'கேண்டிடா' அப்படிப் பிறந்ததுதான். பெர்சூன் பேரினத்துக்குப் பெயர் வைத்தபோது அவர் முன்னே இருந்ததும் கேண்டிடாவே. ஒரு பேரினத்தின் பெயர் கலப்பினம் ஒன்றின் மேல் கட்டப்பட்டிருக்கிறது!

கலப்புச் சோதனைகள் இன்னொன்றையும் காட்டின. ஏழும் இரண்டு அணியாகப் பிரிகின்றன. ஆர்போரியா, சாங்குவினியா, வல்கானிகோலா மூன்றும் குளிர்ந்த மலை உச்சிகளின் அணி. மற்ற நான்கும் இன்னோர் அணி. அதில் சுவாவியோலன்ஸ் பிரேசிலின் தென்கிழக்குக் கடலோர மழைக்காட்டையும், வெர்சிகலர் ஈக்வடாரின் தாழ்நிலத்தையும் சேர்ந்தது. அணிக்குள்ளே கலப்பு எளிது. அணி மாறிக் கலக்க முயன்றால் ஒன்றும் தேறுவதில்லை. அப்படியானால் இரண்டு அணியையும் இரண்டு பேரினமாக்கிவிடலாமே என்று யாராவது கேட்டால், விதிப்படி அதையும் தடுக்க முடியாது. யாரும் அந்த அளவுக்குப் போகவில்லை. இரண்டு உட்பிரிவுகள் என்று நிறுத்திக்கொண்டார்கள்.

விஷம் பற்றி

அழகைப் பார்த்துத் தொடப்போகிறவர்களுக்கு இதைச் சொல்லாமல் விடக் கூடாது. இலை, பூ, விதை, வேர் என்று இந்தச் செடியின் எல்லா உறுப்பிலும் ஸ்கோபோலமின், ஹயோசயமின், அட்ரோபின் என்ற ஆல்கலாய்டுகள் உண்டு. நரம்புகள் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் வழியாக அனுப்பும் செய்தியை இவை வழிமறிக்கும். வாய் வறளும், கண்ணின் பாவை விரியும், இதயம் படபடக்கும், அளவு கூடினால் சித்தப்பிரமையும் மரணமும் வரும். கிளை வெட்டிய கையோடு கண்ணைக் கசக்கினாலே ஒரு கண் பாவை மட்டும் விரிந்து பயமுறுத்தும். பூவை மோந்து பார்க்கலாம், வாயில் வைக்கக் கூடாது. வெட்டினால் கையுறை போட வேண்டும். அதே ஸ்கோபோலமின்தான் அளந்து கொடுத்தால் பயணக் குமட்டலுக்கு மருந்து. ஈக்வடாரில் இந்தச் செடியை அதற்காகவே வணிகமாகப் பயிரிட்டிருக்கிறார்கள். பூச்சிகளில் பெரும்பாலானவை ஒதுங்கிப்போக, பிரேசிலில் பிளாசிடினா என்ற பட்டாம்பூச்சியின் புழு சுவாவியோலன்ஸ் இலையைத் தின்று, அந்த நஞ்சையே தன் உடலில் சேமித்துக்கொள்கிறது.

காட்டில் இல்லாத பேரினம்

கடைசியாக இந்தப் பேரினத்தின் மிக விசித்திரமான விஷயம். உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் ஏழு சிற்றினங்களும் 'காட்டில் அற்றுப்போனவை' என்ற வகையில் இருக்கின்றன. ஒன்றிரண்டல்ல, ஏழும். தென் அமெரிக்காவில் இவை கண்ணில் படாமல் இல்லை. வேலியோரம், ஓடைக்கரை, பாழடைந்த தோட்டம் என்று நிறையவே உண்டு. ஆனால் எங்கே பார்த்தாலும் அருகில் மனிதர் இருக்கிறார், அல்லது முன்பு இருந்திருக்கிறார். மனிதக் கை படாத காட்டில் தானே விதை போட்டு முளைத்து நிற்கும் கூட்டம் உறுதியாகக் கிடைக்கவில்லை.

ஏன் என்பதற்கான விடையைக் காயில்தான் தேடுகிறார்கள். வெடிக்காத பெரிய காய், பெரிய விதை, தாய்ச்செடியின் அடியிலேயே விழுந்து மக்குகிறது. இது யாரோ ஒருவர் வந்து தின்று, நடந்து போய் வேறெங்கோ விதையைக் கழிப்பதற்காக உருவான காய் போலத் தெரிகிறது. அந்த யாரோ இப்போது இல்லை. தென் அமெரிக்காவில் யானை அளவு தரைவாழ் ஸ்லாத் விலங்குகள் உட்பட பெருவிலங்குகள் பல ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன் அற்றுப்போயின. விதை பரப்பிய விலங்கும் அவற்றோடு போயிருக்கலாம் என்பது கருதுகோள். அந்த இடத்துக்கு மனிதர் வந்தார். விதையை எடுத்துப் போகவில்லை, குச்சியை ஒடித்துப் போனார்.

குச்சி நட்டுப் பெருக்குவதால் ஆய்வாளருக்கு வரும் தலைவலி வேறு. ஒரு பள்ளத்தாக்கு முழுக்க நூறு செடி நின்றாலும் அவை மரபணு அளவில் ஒரே செடியாக இருக்கலாம். சிற்றினங்களில் பெரும்பாலானவை தன் மகரந்தத்தை ஏற்பதில்லை. சொந்த நகலின் மகரந்தமும் தன் மகரந்தம்தானே. ஆக நூறு செடியும் பூத்துக் குலுங்கும், ஒரு காய் பிடிக்காது. பேரினத்தைத் தீர்மானித்த அந்தக் காயைப் பார்க்கவே, வேறொரு வம்சத்துச் செடியைத் தேடிப் பிடித்து, அந்தியில் பூ விரியும் நேரம் தூரிகையோடு போய், கையால் மகரந்தம் தடவி, பிறகு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.